டீசல் வரிசையில் நின்ற வான்: 2022இல் இலங்கையின் அன்றாடமும் உல்லாசப் பயணமும்

2022 ஜூன் நடுப்பகுதி. பண்டாரவளையில் ஒரு பெற்றோல் செட்டில் தொடங்கிய வரிசை, வளைவு தாண்டி, அடுத்த வளைவும் தாண்டி, தேயிலை மலை ஓரமாக நீண்டு கிடந்தது. அதில் என் சின்னம்மா மகனுடைய வானும் நின்றது. தம்பி பத்து வருடத்துக்கு மேலாக உல்லாசப் பயணிகளை ஏற்றி ஓட்டுகிறவன். நான் தேநீர்ப் போத்தலும் ரொட்டியும் கொண்டுபோனபோது அது அவனுக்கு அங்கே மூன்றாவது இரவு. பின் சீட்டை மடித்துப் படுக்கை போட்டிருந்தான். டீசல் ஏற்றிவரும் பவுசர் லொறி வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது.

வானுக்குள் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வருகிறவரின் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்தப் பலகை. வரிசையில் யார் முன், யார் பின் என்று சண்டை வந்ததால், நின்றவர்கள் தாங்களே ஒரு பட்டியல் போட்டு, தம்பியின் பலகையை வாங்கி அதில் வாகன இலக்கங்களை எழுதி வைத்திருந்தார்கள். அழியாத மையில் எழுதிவிட்டார்கள். "பரவாயில்ல அண்ணே, இனி யாரு பேரை எழுதப் போறோம்" என்றான் தம்பி. அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: நாடு வங்குரோத்தானது, சனம் வீதிக்கு வந்தது, கலவரத்துக்குப் பயந்து வெளிநாட்டவர் ஓடிப்போனார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். மலைநாட்டில் இருந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது வேறு. வந்த பயணியை நாட்டுக்குள் நகர்த்த முடியவில்லை. எங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப இல்லாத அதே டீசல்தான் அவரை எங்கள் பக்கத்து உல்லாச ஊரான எல்லவுக்குக் கூட்டிவரவும் இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

டொலர் எப்படி வற்றியது

2018இல் இலங்கைக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். அந்த வருடம் அவர்களால் கிடைத்த வருமானம் கிட்டத்தட்ட 440 கோடி டொலர். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் பணம், ஆடை ஏற்றுமதி, இந்த இரண்டுக்கும் அடுத்து டொலர் கொண்டுவந்தது உல்லாசப் பயணத்துறைதான். அப்புறம் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவாலயங்களோடு கொழும்பின் பெரிய ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. அப்படியிருந்தும் அந்த வருடம் 19 லட்சம் பேர் வந்தார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த வருடக் கடைசியில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானதும் பெரிய வரிக் குறைப்பு வந்தது. பொருள் வாங்கும்போது எல்லாரும் கட்டும் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்தில் இருந்து 8 ஆனது. அரசின் வருமானம் சரிந்தது, கடன் தருகிறவர்களின் நம்பிக்கையும் சரிந்தது, வெளியில் புதிதாகக் கடன் வாங்கும் கதவு மூடிக்கொண்டது. 2020 மார்ச்சில் கொவிட் வந்து விமான நிலையமே மூடப்பட்டது. 2021 முழுவதும் வந்தவர்கள் 2 லட்சம் பேர்கூட இல்லை. அதே வருடம் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். நெல்லும் தேயிலையும் அடிவாங்கிய பிறகுதான் அதைத் தளர்த்தினார்கள்.

இன்னொன்றை வெளியில் இருப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. மத்திய வங்கி டொலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. வெளியில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆகவே மத்திய கிழக்கில் வேலை செய்கிறவர்கள் வங்கியை விட்டு, வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரரிடம் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டு வேலை செய்து உழைத்த காசை யார்தான் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள்? ஆனால் வங்கி வழியாக வந்த பணம் 2020இல் 710 கோடி டொலராக இருந்து, 2022இல் 380 கோடியாக இறங்கியது. 2019 முடிவில் 760 கோடி டொலர் இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2022 மே மாதத்தில் உடனே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது 5 கோடி டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே சொல்கிற நிலைக்கு வந்தது. இத்தனைக்கும் அந்த ஜனவரியில் 50 கோடி டொலர் கடன் பத்திரம் ஒன்றைத் தவறாமல் கட்டியிருந்தார்கள். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் தேடி அலைந்த நேரத்தில் அந்தப் பணம் போனது. அப்போதே கடனை நிறுத்திப் பேச்சு வார்த்தைக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான் இன்றுவரை என் எண்ணம்.

2022 மார்ச் 7ஆம் திகதி ரூபாவைப் பிடித்து வைப்பதைக் கைவிட்டு, சந்தையின் போக்கில் விட்டார்கள். இரண்டு மாதத்தில் டொலர் 360 ரூபாவுக்குப் போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே மாதத்தில் 7.8 கோடி டொலர் வட்டித் தவணையின் சலுகைக்காலம் முடிந்ததோடு, வரலாற்றில் முதல் தடவையாக இலங்கை கடன் தவறிய நாடானது.

வீட்டுக்குள் வந்த நெருக்கடி

மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் உண்மையான கதை. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2021 செப்டெம்பரில் 1,500 ரூபாவை ஒட்டி இருந்தது, ஒக்டோபரில் 2,675 ஆனது, 2022 ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலி போட்டு வரிசையில் பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் போன பெண்களை எனக்குத் தெரியும். சமைத்தது விறகில். கொழும்பு அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பால்மா இல்லாமல் பிளேன்டீயோடு காலை தொடங்கியது, அதற்கும் சீனி விலை பார்க்க வேண்டியிருந்தது.

மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கடதாசி இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்து இல்லாததால் அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெயிலில் நின்ற முதியவர்கள் வரிசையிலேயே விழுந்து இறந்தார்கள். ஒன்றல்ல, பல இடங்களில். மார்ச் 22ஆம் திகதி எரிபொருள் நிலையங்களுக்கு இராணுவத்தை அனுப்பினார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டப்புறங்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கெடுப்பவர்கள் கடைசியில்தான் அங்கே வருவார்கள். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடி 2021இல்தான் அதைப் பெற்றிருந்தார்கள். அன்றைய மாற்று வீதத்தில் அது 5 டொலர். 2022 மே மாதத்தில் அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் குறைவு. சம்பளச் சீட்டில் எண் மாறவில்லை, பானைக்குள் இருந்ததுதான் பாதியானது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காலையும் இரவும் ரொட்டிதான், கோதுமை மா முழுக்க இறக்குமதி. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் கிட்டத்தட்ட 95 சதவீதம் என்று புள்ளிவிவரத் திணைக்களம் வெளியிட்டபோது லயங்களில் அதை யாரும் வாசிக்கவில்லை, ரொட்டி ஏற்கனவே மெல்லிசாகிப் போயிருந்தது.

வடக்கில் இருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் சொன்னார், "எங்களுக்கு இது இரண்டாம் தரம் பாருங்கோ." தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் அவர்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். அவர் சந்தோஷப்பட்டுச் சொல்லவில்லை, பழைய சைக்கிளைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார். மார்ச் 22இல் வடக்கில் இருந்து 16 பேர் படகில் தனுஷ்கோடிக்குப் போய் இறங்கினார்கள், கைக்குழந்தையும் அதில் இருந்தது. போர் முடிந்து 13 வருடம் கழித்து, பசிக்காக. பிறகு தமிழ்நாட்டில் இருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்தன. லயத்து வீடுகளிலும் அந்த அரிசி வெந்தது.

வீதிக்கு வந்தவர்கள், வந்து பார்த்தவர்கள்

மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் கூட்டம் கூடியது. அடுத்த நாள் அவசரகாலச் சட்டம், பிறகு ஊரடங்கு, சமூக ஊடகத் தடை, அமைச்சரவை ராஜினாமா. ஏப்ரல் 9இல் இருந்து காலி முகத்திடலில் கூடாரங்கள் முளைத்தன, 'கோட்டா கோ கம', அதாவது 'கோட்டா போ கிராமம்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே நூலகம் இருந்தது, சமையல்கூடம் இருந்தது. மே 18இல் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக அங்கே விளக்கேற்றினார்கள். கொழும்பின் நடுவில் அப்படியொன்று நடக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை, அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

இந்தத் திடல் கொழும்பின் ஆடம்பர ஹோட்டல்களுக்கு நேர் எதிரே. வெளிநாட்டவர்கள் அறையில் இருந்து இறங்கி வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பேசினார்கள். போராட்டக்காரர்கள் அவர்களை எதிரியாகப் பார்க்கவே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 2019இல் ஹோட்டல்கள் குறிவைக்கப்பட்டன, 2022இல் இல்லை. ஊரடங்கு நேரத்திலும் பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் காட்டினால் விமான நிலையத்துக்குப் போக விட்டார்கள்.

வன்முறை நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஏப்ரல் 19 றம்புக்கனவில் எரிபொருள் கேட்டு மறித்தவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். மே 9 காலி முகத்திடலில் இருந்தவர்களை அரசின் ஆதரவாளர்கள் வந்து தாக்கினார்கள், அன்றிரவு நாடு முழுக்க அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன, ஒரு பாராளுமன்ற உறுப்பினர் நிட்டம்புவவில் கொல்லப்பட்டார், மஹிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டார். ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது. பஸ்ஸுக்கு டீசல் இல்லாததால் கண்டியிலும் காலியிலும் மாத்தறையிலும் ரயிலை ஓட்டச் சொல்லி நிலையத்தில் நின்று, ஏறி வந்தவர்கள் அவர்கள். மாளிகை நீச்சல் தடாகத்தில் இளைஞர்கள் குளித்த படம் உலகம் முழுக்கப் போனது. 13ஆம் திகதி கோட்டாபய மாலைதீவுக்குப் போனார், 14இல் சிங்கப்பூரில் இருந்து ராஜினாமா.

இனி மாதக் கணக்கைப் பாருங்கள். 2022 ஜனவரியில் 82 ஆயிரம் பயணிகள், பெப்ரவரியில் 96 ஆயிரம், மார்ச்சில் 1 லட்சத்து 6 ஆயிரம். மின்வெட்டும் எரிவாயு வரிசையும் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த மார்ச்சில்தான் கொவிட்டுக்குப் பிறகு அதிகமானோர் வந்திருக்கிறார்கள். ஏப்ரலில் 63 ஆயிரம், மே மாதம் 30 ஆயிரம். ஆனால் மாளிகைக்குள் சனம் புகுந்த ஜூலையில் 47 ஆயிரம் பேர் வந்தார்கள்! விடுமுறைக் காலம், அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணி வேறு வந்திருந்தது, ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. ஆனால் வீதிகள் அமைதியான செப்டெம்பரில் வந்தது 30 ஆயிரத்துக்கும் குறைவு, அந்த வருடத்திலேயே அதுதான் அடிமட்டம்.

செப்டெம்பரில் வர வேண்டியவர் ஜூனிலும் ஜூலையிலும் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். அப்போது அவர் பார்த்தது வரிசைகளையும் அந்தத் தடாகத்தையும். பிரிட்டன் போன்ற நாடுகள் அத்தியாவசியமில்லாமல் இலங்கைக்குப் போகாதீர்கள் என்று தங்கள் மக்களுக்கு அறிவுறுத்தின. ஒரு அரசு அப்படி ஒரு வரி எழுதினால் பயணக் காப்புறுதி செல்லாமல் போகும், பொதிப்பயணம் விற்கும் நிறுவனம் தானே இரத்துச் செய்யும், பயணிக்குப் பயம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. பிரிட்டன் அதை ஆகஸ்டில் தளர்த்தியது, ஆனால் பதிவுகள் வந்து சேர மாதங்கள் எடுத்தன. ஆக, கலவரத்துக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். அதன் அடி இரண்டு மூன்று மாதம் தள்ளி, காகிதம் வழியாக விழுந்தது. வரிசையின் அடி அன்றன்றே விழுந்தது.

கையில் இருந்ததை நாமே கெடுத்துக்கொண்ட கதையும் உண்டு. ஜூன் 2ஆம் திகதி ஒரு குத்தகைத் தகராறு வழக்கில் நீதிமன்ற உத்தரவின் பேரில் ரஷ்யாவின் ஏரோஃப்ளொட் விமானம் ஒன்று கட்டுநாயக்காவில் புறப்படவிடாமல் நிறுத்தப்பட்டது. சில நாளில் விட்டுவிட்டார்கள், ஆனால் அந்த நிறுவனம் இலங்கைக்கான சேவையை நிறுத்தியது. அப்போது அதிகம் பேர் வந்துகொண்டிருந்த நாடுகளில் ரஷ்யா ஒன்று. ஒரு வழக்கு, ஒரு வாரம், தென்கரை ஹோட்டல்களில் பல மாதத்துப் பதிவுகள் போயின.

40 லீட்டர் கணக்கு

திரும்பத் தம்பியின் வானுக்கு வருகிறேன், ஏனென்றால் முழுப் பிரச்சினையும் அதன் டாங்கியில் இருக்கிறது.

எல்ல, பண்டாரவளைப் பக்கத்தில் இருந்து கட்டுநாயக்காவுக்கு 200 கிலோமீட்டருக்குக் குறையாது. போய் வர 400. லீட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 40 லீட்டர் டீசல். 2022 தொடக்கத்தில் டீசல் லீட்டர் 121 ரூபா, ஆக 4,840 ரூபா. மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே கடைசியில் 400, ஜூன் 26இல் 460. அப்போது அதே பயணத்துக்கு 18,400. சரி, பயணி டொலரில் கொடுக்கிறார், அவருடைய 100 டொலர் 20,000 ரூபாவாக இருந்தது 36,000 ஆகிவிட்டது, விலை அவருக்குப் பாரமே இல்லை. அந்த வருடம் இலங்கை வெளிநாட்டவருக்கு மலிவான நாடு. ஆனால் ஜூன் 27 நள்ளிரவோடு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். காசை நீட்டினாலும் ஊற்ற ஒன்றுமில்லை. ஜூலை கடைசியில், கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரப் பங்கு எடுக்கும் முறை வந்தபோது வானுக்கு வாரத்துக்கு 20 லீட்டர். ஒரு தடவை விமான நிலையம் போய்வர இரண்டு வாரப் பங்கு. முச்சக்கர வண்டிக்கு 5 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4. எல்ல நகரில் பயணிகளை ஏற்றி நாலு இடம் காட்டுகிற ஆட்டோக்காரருக்கு அது ஒரு நாள் ஓட்டம்.

தம்பி மே மாதத்தில் ஒரு ஜெர்மன் தம்பதியை ஏற்றினான். சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, மிரிஸ்ஸ என்று பத்து நாள் திட்டம். கண்டியில் ஒன்றரை நாள் வரிசையில் நின்றான். அந்தப் பெண்மணி மாலையில் வந்து வரிசையில் அவனோடு உட்கார்ந்திருந்தாராம், பக்கத்து வானில் இருந்த குடும்பம் அவருக்குக் கடலை கொடுத்ததாம். கடைசியில் அந்தத் தம்பதியே சொன்னார்கள், நாங்கள் ரயிலில் போய்க்கொள்கிறோம், உனக்குரிய பணத்தைத் தருகிறோம் என்று. வாங்க அவனுக்கு மனமில்லை, பாதி வாங்கினான். அவர்கள் எல்ல வந்து தங்கிய சிறிய விருந்தினர் விடுதியில் எரிவாயு முடிந்து போயிருந்தது. காலை அப்பமும் பருப்பும் பின்கட்டில் விறகடுப்பில் வெந்தன. வெளிநாட்டவர் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த வீட்டு அம்மாவுக்குக் கண் எரிந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதே அடுப்பில் அதற்கு முன்பே பிள்ளைகளுக்கு ஒரு பானை வைத்து இறக்கியிருந்தார், அது வெறும் சோறு. விருந்தாளிக்கு முட்டை வைத்தார், பிள்ளைகளுக்கு வைக்கவில்லை. இதைச் சொன்னபோது தம்பிக்குக் குரல் கம்மியது.

கிழக்கில் இன்னும் மோசம். தென்கரையின் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும், ஆகவே அவர்கள் கொஞ்சம் சம்பாதித்திருந்தார்கள். பொத்துவில் அறுகம்பைக்கு அலைச்சறுக்குப் பருவமே மே முதல் செப்டெம்பர் வரைதான். நெருக்கடியின் மிகக் கொடிய மாதங்கள் அப்படியே அதன் மேல் வந்து விழுந்தன. 2019 ஏப்ரலில் குண்டு, அப்புறம் இரண்டு வருடம் கொவிட், அப்புறம் இது. நாலு பருவம் தொடர்ந்து போனது. வெளிநாட்டவர் இல்லாவிட்டால் மீன் பிடிக்கலாம் என்றால் படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது.

அவுஸ்திரேலிய அணியைப் பற்றிச் சொன்னேனே. நாட்டில் பெற்றோல் இல்லை, அப்படியும் அவர்கள் வந்து விளையாடினார்கள். ஜூன் 24 கடைசி ஒருநாள் போட்டியில் கொழும்பு மைதானத்தில் எங்கள் சனம் அவர்களின் மஞ்சள் நிறத்தில் சட்டை போட்டு வந்து நன்றி சொன்னது. காலி டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோது, ஜூலை 9இல், கோட்டை மதில் மேலே போராட்டக்காரர்கள் கொடியோடு நின்றார்கள், கீழே ஆட்டம் நடந்தது. வருகிறவர்களிடம் இந்த மக்களுக்கு இருந்தது கோபமல்ல என்பதற்கு இதைவிட நான் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. ஆனால் ஆகஸ்டில் இங்கே நடக்க வேண்டிய ஆசியக் கிண்ணம் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய்விட்டது. அங்கே போய் எங்கள் பிள்ளைகள் அதை வென்று வந்தார்கள். வென்ற இரவு எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தது, எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ தெரியாது.

கிரேக்கத்தை ஒரு நிமிடம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2015 ஜூன் கடைசியில் அங்கே வங்கிகளை மூடி, ஒருவர் நாளைக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். ஏதென்ஸில் ஆர்ப்பாட்டம், கண்ணீர்ப்புகை, சர்வசன வாக்கெடுப்பு. ஆனால் அந்த வருடம் அங்கே போன பயணிகள் முந்தைய வருடத்தைவிட அதிகம், 2 கோடி 20 லட்சத்தில் இருந்து 2 கோடி 36 லட்சமாக ஏறியது. வெளிநாட்டு அட்டைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, யூரோ அவர்களின் சொந்தப் பணமாக இருந்ததால் எரிபொருள் வாங்க வேறு நாணயம் தேட வேண்டியதில்லை, தீவுகளுக்குக் கப்பல் ஓடியது. மக்கள் பட்ட பாடு அங்கேயும் பெரியது, ஆனால் பயணி அதைத் தொடாமல் கடற்கரைக்குப் போய்விட முடிந்தது. இங்கே முடியவில்லை. இங்கே விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே வரிசையில், ஒரே விறகடுப்புக்கு முன்னால். எங்கள் தேசிய விமானங்களே திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பறந்த காலம் அது.

பிறகு உல்லாசப் பயணிகளுக்கென்று தனி எரிபொருள் அட்டை கொண்டுவந்தார்கள், வெளிநாட்டு நாணயத்தில் முன்கூட்டியே பணம் கட்டி எடுப்பது. அதைப் பற்றி ஊரில் வாக்குவாதம் வந்தது. எங்கள் நோயாளிக்கு இல்லாத பெற்றோல் வெள்ளைக்காரனுக்கா என்று கேட்டவர்கள் உண்டு, அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அது சரியான முடிவு, செய்தது பிந்தி என்பதுதான் குறை. ஒரு பயணி ஊற்றும் 40 லீட்டருக்கு அவரே டொலர் தருகிறார், அதற்கு மேல் அறைக்கும் சாப்பாட்டுக்கும் தருகிறார், அந்த டொலரில்தான் அடுத்த பவுசர் வர வேண்டும். மே மாதத்திலேயே செய்திருந்தால் அறுகம்பைக்குப் பாதிப் பருவமாவது மிஞ்சியிருக்கும்.

திரும்பி வந்தது எது

ஹோட்டல்களிலேயே குண்டு வெடித்த 2019இல் 19 லட்சம் பேர் வந்தார்கள் என்றேனே, 2022இல் மொத்தம் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர். 2023இல் கிட்டத்தட்ட 15 லட்சம். 2024இல் 20 லட்சத்தைத் தாண்டியது, வருமானம் 300 கோடி டொலருக்கு மேல். யாழ்ப்பாணத்துக்குச் சென்னையில் இருந்து 2022 டிசம்பரில் மீண்டும் விமானம் வந்தது, 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். கியூஆர் முறையை 2023 செப்டெம்பரில் எடுத்துவிட்டார்கள். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. எல்லாம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே வருடங்களில் மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதமும் ஏற்றப்பட்டது. 8 ஆக்கிய வற் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது, மேலே இருப்பவருக்கும் லயத்தில் இருப்பவருக்கும் ஒரே 18. உலக வங்கியின் கணக்கில் 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 சதவீதம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எல்லவில் அறை கிடைக்காத நாட்கள் வந்துவிட்டன, அந்த அறைகளில் படுக்கை விரிக்கிற பெண்ணின் வீட்டில் இன்னும் கிழமைக்கு ஒரு நாள்தான் மீன். பயணிகளின் எண்ணிக்கையை வைத்து நாடு மீண்டுவிட்டது என்று சொல்கிறவர்கள் அந்தப் பெண்ணின் சமையலறையையும் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும்.

தம்பியின் வான் லீசிங்கில் வாங்கியது. கொவிட் காலத்தில் தவணைக்குச் சலுகை கொடுத்தார்கள், வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டி வீதத்தை 7 புள்ளி உயர்த்தியபோது கணக்கு இன்னும் இறுகியது. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வானுக்கும் நல்ல விலை, விற்றுவிடு என்று சொந்தக்காரர் எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன். விற்கவில்லை. அவன் மனைவி வீட்டு வேலைக்கு குவைத்துக்குப் போனாள். அந்த வருடம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென்று வெளிநாடு போனார்கள், அதில் ஒருத்தி. அவளை விமான நிலையத்தில் விட இரண்டு வாரப் பங்கு டீசலைச் சேர்த்து வைத்திருந்தான்.

இப்போது மாதத்தில் நாலைந்து தடவை கட்டுநாயக்கா போகிறான். அந்த வெள்ளைப் பலகை இன்னும் அவனிடம்தான். வரிசையில் எழுதிய வாகன இலக்கங்கள் சாராயம் தொட்டுத் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை, வருகிறவரின் பெயருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகின்றன. புதுப் பலகை வாங்கேன் என்றேன். "லீசிங் முடியட்டும் அண்ணே, அவ வரட்டும்" என்றான். மனைவி போன முதல் ஒப்பந்தம் முடிந்து இன்னொரு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.